பெண்கள் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு

திருநெல்வேலிச் சீமையின் புரொட்டஸ்டண்ட் சபை வரலாற்றை யார் எழுதினாலும் 1780-ஆம் ஆண்டின் ஒரு பெயர்ப் பட்டியலுக்கு வந்தாக வேண்டும். பாளையங்கோட்டைச் சபையார் அப்போது மொத்தம் 40 பேர். பட்டியலில் முதல் பெயர் குளோரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. 1778-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். சபை கூட ஒரு கோயில் வேண்டும் என்று முன்னின்று கட்டினார். 1785-ல் சுவார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். போதிக்க ஓர் ஆளை அனுப்புங்கள் என்று சுவார்ட்ஸிடம் விடாமல் மன்றாடியதும் அவர்தான். அப்படி வந்த உபதேசியார் சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்றார்.

பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் ஊர் இன்றும் அதைச் சொல்கிறது. சபையின் தாய் என்று மேடைதோறும் அவரைப் புகழ்கிறோம். அவர் காலத்தில் ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்காக அந்தக் காலத்தைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. தோன்றிய பிறகும், சட்டம் இடம் கொடுத்த பிறகும் நாம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. நாம் என்று இங்கே சொல்வது தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ்ச் சபையார் அனைவரையும். கமிட்டியில் உட்கார்ந்தவர்கள், வாசலில் நின்று பேசிவிட்டுப் போனவர்கள், ஆண்கள், பெண்கள், படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். இந்தக் கணக்கிலிருந்து யாரும் கழன்றுகொள்ள முடியாது.

குளோரிந்தாவுக்குப் பின் வந்தவர்களைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆண் உபதேசியார் நுழைய முடியாத உள்கட்டுகளுக்குள் நுழைந்து எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தவர்கள் வேதாகம ஸ்திரீகள். வெயிலில் ஊர் ஊராக நடந்தார்கள். ஏச்சு வாங்கினார்கள். சொற்பச் சம்பளம். மிஷன் அறிக்கைகளில் அவர்களில் பலர் வெறும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள். எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று இருக்கும். யார் யார் என்று இருக்காது.

பெயர் தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவர் பொன்னம்மாள். இளம் வயதில் விதவையானவர். மிஷனரி ஏமி கார்மைக்கேலுடன் கிராமம் கிராமமாகப் போய் மரத்தடியிலும் திண்ணையிலும் சுவிசேஷம் சொன்ன பெண்கள் குழுவில் முக்கியமானவர். பின்னாளில் ஏமி டோனாவூரில் வளர்த்த குழந்தைகளுக்காக நெய்யூரில் நடந்த சிசுக் காப்பகத்தின் பொறுப்பை ஏற்று, நோயாளிக் குழந்தைகளை இரவு பகல் பார்த்துக்கொண்டார். 1915-ல் புற்றுநோயால் இறந்தார். அவரைப் பற்றி ஏமி ஒரு தனிப் புத்தகமே எழுதினார். நம்மிடையே டோனாவூர் என்றால் ஏமி அம்மாவை அறியாதவர் இல்லை. பொன்னம்மாளை அறிந்தவர் எத்தனை பேர்? வெள்ளைக்காரர் எழுதிவைத்ததைக்கூட நாம் எடுத்துப் படிக்கவில்லை.

இன்றைய சபைக்கு வருவோம். எந்தச் சேகரத்திலும் ஒரு வாரத்தைத் திங்கள் முதல் சனி வரை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கூட்டம் நடத்துவது பெண்கள். உபவாச ஜெபத்தில் கூடுவது பெண்கள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சாவு வீட்டில் ஐயர் வந்து சேரும்வரை சடலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, அழுகிறவளைத் தாங்கிப் பிடிக்கிறவர்களும் அவர்களே. அசனத்துக்குக் காய் நறுக்குவது, காணிக்கைக்கு வீடு வீடாகப் போவது, பீடத்துக்குப் பூ வைப்பது, நற்கருணைப் பாத்திரங்களைக் கழுவித் துடைத்து வைப்பது என்று பட்டியல் நீளும். அந்தப் பாத்திரத்தைக் கழுவலாம், தூக்கி ஆசீர்வதிக்கக் கூடாது என்று யாரும் நமக்கு எழுதித் தரவில்லை. நாமே அப்படிப் பழகிக்கொண்டோம்.

வருஷத்தில் ஒரு நாள் பெண்கள் ஞாயிறு வரும். அன்று ஆராதனை முழுக்க அவர்கள் பொறுப்பு. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒரே நிறத்தில் சேலை உடுத்தி வரிசையாக வருவார்கள். பிரசங்கத்துக்கு ஏறுகிறவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையாக இருப்பார்; ஒரு வாரமாகப் படித்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்திருப்பார். ஒரு கையில் நோட்டு. இன்னொரு கையால் தலையிலிருந்து நழுவும் முந்தானையை இழுத்து இழுத்து விடுவார். மைக்கின் உயரம் அவருக்கு ஒத்துவராது. ஆண்களின் உயரத்துக்கு வைத்தது அது. அதைக் கீழே இறக்கிக் கொடுக்க யாரும் எழுந்து வரமாட்டார்கள். முதல் ஐந்து நிமிடம் குரல் நடுங்கும். அப்புறம் சமாரியப் பெண்ணைப் பற்றியோ ஆகாரைப் பற்றியோ அவர் சொல்வது, ஆண்டு முழுக்க நாம் கேட்கிற பிரசங்கங்களில் இல்லாத ஒன்றாக இருக்கும். கிணற்றடியையும் குடத்தையும் உச்சிவெயிலையும் அறிந்தவர் பேசுகிற பேச்சு அது. வெளியே வரும்போது "நல்லாப் பேசுனீங்கம்மா" என்று சொல்லிக் கைகொடுப்போம். அடுத்த ஞாயிறு மைக் பழைய உயரத்துக்குப் போய்விடும். பிரசங்க அட்டவணை போடும்போது அந்த ஆசிரியையின் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. அடுத்த வருஷம் பெண்கள் ஞாயிறுக்கு வரும்.

சட்டம் தடுத்தது என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண்ணாக எலிசபெத் பால் குருப்பட்டம் பெற்றது 1976-ல். நமக்கு ஆங்கிலிக்கன் மரபைக் கொண்டுவந்து கொடுத்த இங்கிலாந்துத் திருச்சபை, பெண்களைக் குருக்களாக ஏற்றது 1994-ல்தான். 2013 செப்டம்பரில் புஷ்பா லலிதா நந்தியாலில் நம் முதல் பெண் பேராயரானார்; இங்கிலாந்துத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2015-ல். இரண்டிலும் நம் திருச்சபை முந்திக்கொண்டது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தப் பெருமையை நம் சேகரத்து வாசல் வரைக்கும் நாம் வரவிடவில்லை. மேலே மன்றம் கதவைத் திறந்தது. கீழே சபை தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டது.

எப்படிப் போட்டோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இறையியல் கல்லூரியில் ஆண்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, எபிரேயமும் கிரேக்கமும் படித்து, பி.டி. பட்டத்தோடு ஊர் திரும்பிய பெண்களை நாம் விடுதிக் காப்பாளர்களாக்கினோம். பள்ளியில் வேதபாட ஆசிரியைகளாக்கினோம். அலுவலகத்தில் கோப்புப் பார்க்க வைத்தோம். குருப்பட்டம் பெற்றவர்களையும் இன்னொரு குருவுக்கு உதவியாகவே வைத்துக்கொள்ளப் பார்த்தோம். பெண் குருவானவர் வரப்போகிறார் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தாலே, பேராயர் அலுவலகத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு போன கமிட்டிகள் உண்டு. "எங்க சபை பெரிய சபை, பிரச்சினையான சபை, அம்மாவால சமாளிக்க முடியாது" என்று அக்கறைபோலச் சொல்வார்கள். அந்தப் பிரச்சினைகளை உண்டாக்கியவர்கள் யார் என்பது சொல்கிறவர்களுக்கே தெரியும்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால் ஒரு பெண் எப்படிப் போவாள் என்று கேட்டோம். கேட்ட வீடுகளில் பாதி, மகளை நர்சிங் படிக்கவைத்த வீடுகள். அந்தப் பெண் வேலூரிலோ, சவூதியிலோ, லண்டனிலோ இரவுப் பணியில் இருக்கிறாள். சாகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளால் முடிகிறது. ஜெபப் புத்தகம் எடுத்துக்கொண்டு அதே படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்க இன்னொரு பெண்ணால் முடியாது என்று எப்படித் தீர்மானித்தோம்?

இன்னொரு கேள்வியைச் சத்தமாகக் கேட்கவில்லை, கிசுகிசுத்தோம். மாதத்தின் அந்த நாட்களில் அவள் எப்படி நற்கருணை கொடுப்பாள் என்று. பெண்களும்தான் கிசுகிசுத்தார்கள். பன்னிரண்டு வருஷம் இரத்தப்போக்கால் கஷ்டப்பட்டவள் ஆண்டவரின் வஸ்திரத்தைத் தொட்ட பகுதியை எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! அவர் விலகவில்லை, தீட்டு என்று சொல்லவில்லை, மகளே என்று அழைத்தார். அந்த வேதபாகத்தின் மேல் பிரசங்கம் கேட்டுவிட்டு, ஆமென் சொல்லிவிட்டு, வெளியே வந்து தீட்டுப் பேசினோம். நம் திண்ணைகளில் இருந்த பழைய தீட்டைக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்தோம். இதைவிடக் கனமான அறிக்கை நம்மிடம் இல்லை.

பவுல் தடுத்துவிட்டார் என்பார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 14-ஆம் அதிகாரம் சபையில் பெண்கள் பேசாதிருக்கச் சொல்கிறது, உண்மை. அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் அவர் பெண்கள் ஜெபம் பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்லுவதையும் நடக்கிற காரியமாக எடுத்துக்கொண்டு, அப்போது தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். நாம் செய்ததைப் பாருங்கள். 14-ல் இருந்து மௌனத்தை எடுத்துக்கொண்டோம். 11-ல் இருந்து முக்காட்டை எடுத்துக்கொண்டோம். தீர்க்கதரிசனத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தை வெறும் வாழ்த்துப் பட்டியல் என்று வேகமாகக் கடக்கிறோம். அங்கேதான் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள் இருக்கிறார். அந்த நிருபத்தைச் சுமந்துகொண்டு ரோமாபுரிக்குப் போனவர் அவர் என்பது வேத அறிஞர்கள் பலரின் கருத்து. அப்பொல்லோ போன்ற வாக்குவல்லவருக்கு உட்கார்ந்து வேதம் விளக்கிய பிரிஸ்கில்லாள் இருக்கிறார். பிலிப்புவின் நான்கு குமாரத்திகளும் செசரியாவில் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் செய்தியை முதலில் கொடுத்து அனுப்பியது மகதலேனா மரியாளிடம். கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்கள் சொன்னதை அப்போஸ்தலர்கள் நம்பவில்லை என்று லூக்கா எழுதியிருக்கிறார். ஈஸ்டர் அன்று அதிகாலையில் இதைக் கேட்க எழுந்து போகிறோம். கேட்டும் நமக்கு உறைக்கவில்லை.

கத்தோலிக்கச் சகோதரர்களின் நிலை வேறு. 1994-ல் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று போப் இரண்டாம் ஜான் பால் முடித்துச் சொன்னார், 2021-ல் போப் பிரான்சிஸ் வாசகர், பீடத்துணையர் பணிகளை முறைப்படி திறந்துவிட்டார். அது அவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. நமக்கு அந்தத் தடை இல்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் பெண் ஊழியக்காரர்கள் பேசுகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காவிட்டால், மகளுக்கு வரன் அமையாவிட்டால், நம் வீட்டாரே அந்த அம்மாக்களின் ஜெபக் கூடங்களுக்குப் போய் முழங்கால் போடுகிறார்கள். வியாழக்கிழமை ஒரு பெண் தலையில் கைவைத்து ஜெபித்தால் ஏற்றுக்கொள்கிற நாம், ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் அதே கை உயர்ந்தால் கலங்குகிறோம்.

தேர்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேகரக் கமிட்டிக்கும் பேராய மன்றத்துக்கும் நடக்கிற போட்டிகளில் பள்ளிக்கூட வேலைவாய்ப்பும் சாதிக் கணக்கும் குடும்பப் பகையும் எந்த அளவுக்குப் பேசும் என்பது நமக்குத் தெரியும். பெண்களுக்கான இடம் என்று ஒன்று வந்தபோது அணித் தலைவரின் மனைவியையோ மைத்துனியையோ நிறுத்தினோம். கூட்டத்தில் அவர் வாய் திறந்தால் அணி கண்ணைக் காட்டியது. சேலை உடுத்திய ஒரு கையெழுத்து போதும் என்று நினைத்தோம். பெண்களே பெண்களை ஏற்கமாட்டோம் என்கிறார்களே என்று பிறகு நியாயமும் பேசினோம். பேசப் பழக்காமல், பேசியவளைத் துடுக்குக்காரி என்று பெயர்கட்டி, அடங்கியிருந்தவளை ஞானமுள்ள ஸ்திரீ என்று மெச்சி வளர்த்தது நாம்தானே.

இதில் நாம் இழந்ததற்குக் கணக்கில்லை. அழைப்பை உணர்ந்து, வீட்டாரை எதிர்த்துப் படித்து, ஒரு சேகரம்கூடக் கிடைக்காமல் ஓய்வுபெற்றவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்து, தாங்கள் சொல்லியிருக்கக்கூடிய பிரசங்கத்தை வேறொருவர் சுமாராகச் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் நாம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க வேண்டும், அதுவும் சபை கூடியிருக்கும்போது.

குருமார் மாற்றல் பட்டியல் தயாராகும் காலம் எல்லாப் பேராயங்களிலும் வருஷந்தோறும் வருகிறது. இதை வாசிக்கிறவர்கள் அதற்கு முன் தங்கள் சேகரக் கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: எங்கள் சபைக்கு ஒரு பெண் குருவானவரை, உதவிக்கு அல்ல, முழுப் பொறுப்போடு அனுப்புங்கள் என்று பேராயருக்கு எழுதுங்கள். குருமனையைப் பழுதுபார்த்து, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போட்டு, தண்ணீர் வசதி செய்து வையுங்கள். பிரசங்க அட்டவணையில் மாதம் ஒரு ஞாயிறாவது சபையிலுள்ள பெண்களின் பெயரை எழுதுங்கள். கமிட்டி மறுத்தால் யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார் என்பதைக் கூட்டக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள்.