எங்கும் இயங்கும் என்னும் உறுதிமொழி

ஒரு மென்பொருள் எல்லாக் கணிப்பொறிகளிலும் இயங்கும் என்று கூறுவது எளிது, மெய்ப்பிப்பது அரிது. சி மொழியில் எழுதிய ஒரே நிரல் இருவேறு பொறிகளில் இருவேறு விடை தரக்கூடும். ‘சார்’ என்னும் ஒரு பைட் இடத்தில் -1 என்ற எண்ணை வைத்து மீண்டும் எடுத்தால், லினக்ஸ் இயங்கும் இன்டெல் பொறி -1 என்றே தரும்; லினக்ஸ் இயங்கும் ஆர்ம் பொறியோ 255 என்று தரும். மொழியின் இலக்கணம் இரண்டையும் ஒப்புகிறது! ஒரே பொறியை மேசைமேல் வைத்து எழுதுபவர் இதனை எங்ஙனம் அறிவார்?

இதற்கு வழி கண்டவருள் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை ஆக்குவோர் குறிப்பிடத்தக்கவர். ஆண்ட்ரூ டன்ஸ்டன் 2004இல் தொடங்கிய ‘பில்ட் ஃபார்ம்’ அமைப்புக்குத் தன்னார்வலர் பலர் தத்தம் கணிப்பொறிகளை ஈந்துள்ளனர். லினக்ஸ், விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி எனப் பல இயக்க முறைமைகள் கொண்ட அப்பொறிகள், மூல நிரலில் திருத்தம் சேருந்தோறும் அதனைத் தாமே பெற்றுத் தொகுத்து, சோதித்து, முடிவை ஓரிடத்துக்கு அனுப்புகின்றன. பண்ணை என்பதனாற் போலும், ஒவ்வொரு பொறிக்கும் ஒரு விலங்கின் பெயர்! அண்மையில் இவ்வாறு தேறிய முறைமையே ஆதரவு பெற்றதாகக் கொள்ளப்படும்.

2024இல் வெளியான 17ஆம் பதிப்பில் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் முறைமைக்கான ஆதரவு நீக்கப்பட்டது. பயன்படுத்துவோர் சிலர், ஒட்டுவேலைகள் பல, முறையாகப் பேண முன்வந்தவர் இல்லை. இது கடுமை எனச் சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பேணுவார் இல்லாத முறைமையின் பெயரைப் பட்டியலில் வைத்திருப்பதே, அதனை நம்பிக் கணக்குகளை ஒப்படைக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் இழைக்கும் தீங்காகும்.

தமிழ்த்துறை மலரில் இச்செய்தி எதற்கு என வினவுவாரும் உளர். அகரவரிசை நமக்கு அயலான பொருளன்று. போஸ்ட்கிரெஸ் சொற்களை வரிசைப்படுத்தும் விதியைப் பெரும்பாலும் இயக்க முறைமையிடமிருந்தே பெற்றுவந்தது. 2018இல், லினக்ஸ் முறைமைகள் பலவற்றுக்கு அடிப்படையான ஜிலிப்சி நூலகம் தன் 2.28ஆம் பதிப்பில் அவ்விதிகளைப் பெரிதும் மாற்றியது. பழைய வரிசையில் அமைந்த சொல்லடைவைப் புதிய முறைமை படித்தபோது, உள்ள பெயரையே இல்லை என்று கூறும் நிலை நேர்ந்தது. ஒவ்வொரு பொறியும் புதிதாகத் தரவை எழுதித் தானே படித்துத் தேறும் சோதனையில் இக்குறை அகப்படாது. ஆகவே, ஒரு முறைமையில் எழுதிய தரவை மற்றொன்றில் படித்துப் பார்க்கும் சோதனையும் அன்றாடம் நடைபெறல் வேண்டும் என்பது நம் துணிபு. கணிப்பொறியியல் மாணவர் இறுதியாண்டுத் திட்டப்பணியாகவே இதனை மேற்கொள்ளலாம். பழைய பொறிகள் இரண்டு போதும்.