சேஷப்ப ஐயரும் ஷேக்ஸ்பியரும்

‘ஷேக்ஸ்பியர்’ என்பது ‘சேஷப்ப ஐயர்’ என்பதன் திரிபே என்று தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் பகிடியைப் பலரும் கேட்டிருப்பீர்கள். பகிடி பகிடியாக இருக்கும்வரை கேடில்லை. ஆனால், ஓசையொற்றுமை ஒன்றையே சான்றாகக் கொண்டு உலகப் பெயர்களையெல்லாம் தமிழாக்கும் கட்டுரைகள் ஆராய்ச்சி என்ற போர்வையில் உலவுவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

இதே குடும்பப் பெயரை ஆங்கிலேய அறிஞர் எவ்வாறு அணுகினர் என்று பாருங்கள். ‘ஷேக்’ என்றால் அசைத்தல். ‘ஸ்பியர்’ என்றால் ஈட்டி. எனினும், அது போர்வீரனைக் குறித்ததா, சண்டைக்காரனுக்கு ஊரார் இட்ட பட்டமா, ஆபாசக் கேலியா என்பதில் இன்றும் முடிவில்லை. ‘ஜாக் பியேர்’ என்ற பிரெஞ்சுப் பெயரின் மரூஉ என்றாரும் உளர். ஓசையை மட்டும் நம்பிய அக்கருத்து எடுபடவில்லை. 1487இல் ஒக்ஸ்போர்ட் மேர்ட்டன் கல்லூரியில் ஒருவர், இப்பெயர் இழிவாகக் கருதப்பட்டமையால் சோண்டர்ஸ் என மாற்றிக்கொண்டார். 1596இல் கவிஞரின் தந்தை பெற்ற குலச்சின்னத்திலோ ஈட்டி பெருமையுடன் இடம்பெற்றது. கவிஞரின் எஞ்சியுள்ள ஆறு கையொப்பங்களில் ஒன்றிலேனும் இன்றைய எழுத்துக்கூட்டல் இல்லை.

இத்தனை ஆவணங்களை வைத்துக்கொண்டும் ‘ஐயத்துக்குரியது’ என்று எழுத அவர்கள் கூசவில்லை. ஓர் ஆவணமுமின்றி ‘ஐயமேயில்லை’ என்று எழுத எம்மவர் கூசுவதில்லை! கல்வெட்டுகளும் சங்க இலக்கியமும் உடைய மொழிக்கு இந்தப் பொய்ப்பெருமை எதற்கு? எமது பொய்யைக் கண்டுகொண்ட பிறமொழியார், நாளை நாம் மெய்யைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.