விறகு அரிய மலிவான வாள் எது?

குளிர்காலம் நெருங்கும்போது எமக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஹீற்றர் கட்டணத்தையும் பிள்ளைகளின் பாடசாலை இடத்தையும் பற்றியவையாகவே இருக்கும். இம்முறை ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். "பக்கத்து வளவில் மரம் தறித்தார்கள். குற்றிகளைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறது. வருடா வருடம் விறகு அரிய ஒரு சங்கிலி வாள் வாங்கலாமென்று பார்க்கிறோம். மலிவாக எதை வாங்கலாம்?"

விறகு எமக்குப் புதிதல்ல. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் வராமல் தடுக்கப்பட்ட காலத்தில் விறகுகாலை வாசலில் சைக்கிளோடு காத்து நின்றவர்கள் நாம். பனைமட்டை, கொக்காரை, தென்னம்பாளை, பூவரசங் கொப்பு எல்லாம் அடுப்புக்குப் போயின. ஆனால் அங்கே எமது கையில் இருந்தவை கோடாலியும் கத்தியும்தான். இயந்திர வாளை அதைப் பழகிய ஒருவர் கொண்டுவருவார். நாம் தள்ளி நின்று பார்ப்போம். இங்கே அதே வாள் கடைத் தட்டில் அடுக்கியிருக்கிறது. காசு கொடுத்தால் யாரும் தூக்கிக்கொண்டு வரலாம். ஆகவே இந்த மாதம் அதைப்பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் அடுப்பைப் பாருங்கள்

1952 டிசம்பரில் ஐந்து நாட்கள் இலண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இன்றும் இலண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிதான். இப்பகுதிகளில் பழைய வீடுகளில் காணப்படும் திறந்த கணப்பில் விறகு எரிக்கக்கூடாது. அரசு அங்கீகரித்த மூடிய விறகு அடுப்பில் மட்டும் எரிக்கலாம். புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பினால் கவுன்சில் 175 முதல் 300 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது, உங்கள் அடுப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதைக் கவுன்சிலில் கேட்டு அறியலாம்.

தைப்பொங்கலுக்கு வளவில் அடுப்பு மூட்டுவதை இச்சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் அயலவருக்குப் புகை தொல்லையாகிவிட்டால் அவர்கள் கவுன்சிலில் முறையிட உரிமையுண்டு. முதல்நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு கிண்ணம் பொங்கலும் கொடுத்தால் பிரச்சினை வராது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் அடுப்பை மூட்ட வேண்டாம். புகைபோக்கி வருடத்துக்கு ஒரு தடவையாவது துப்புரவு செய்யப்பட்டிருக்க வேண்டும். விறகு அடுப்புள்ள அறையில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி பொருத்தியிருக்க வேண்டியது இங்கிலாந்தில் வீட்டுக்காரரின் கடமை. இந்த வாயுவுக்கு மணமில்லை. நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கணக்கு என்ன சொல்கிறது?

விறகால் உண்மையில் காசு மிஞ்சுமா? நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 அலகு வெப்பம் இருக்கிறது. நல்ல அடுப்பில் அதில் முக்கால்வாசி அறைக்குள் வரும். ஆகவே ஒரு தொன் விறகு தருவது ஏறத்தாழ 3,000 அலகு. அதே வெப்பத்தை எரிவாயுக் கொதிகலனால் பெற, ஓர் அலகு 6 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால், 200 பவுண் அளவில் செலவாகும்.

ஆகவே வருடம் ஒரு தொன் விறகு சும்மா கிடைத்தால் மிச்சம் 200 பவுண் அளவில்தான். வாளுக்கும் பாதுகாப்பு உடைக்கும் போகும் பணம் இரண்டாம் வருடத்தில்தான் திரும்பி வரும். விறகை விலைக்கு வாங்கி எரிப்பவர்களுக்கு மிச்சம் எதுவுமே இராது. கைக்குத்தடி அளவு கொப்புகளை மட்டும் அரிபவர்களுக்கு இருபது பவுணுக்குள் கிடைக்கும் வில்வடிவச் சட்டமுள்ள கைவாளும் ஒரு கோடாலியும் போதும். முதல் வருடம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் குற்றிகள் வந்துகொண்டிருந்தால் இயந்திர வாளைப்பற்றி யோசிக்கலாம்.

அவசரப்படத் தேவையில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பச்சை மரத்தின் எடையில் பாதியளவு வரை தண்ணீர் இருக்கும். அதை எரித்தால் புகையும் கரியும்தான் மிஞ்சும். இங்கிலாந்தில் 2021 மே முதல், சிறிய அளவில் விற்கப்படும் விறகின் ஈரம் 20 வீதத்துக்கு மேற்படக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அஷ் மரத்துக்கு ஒரு வருடமாவது, ஓக் மரத்துக்கு இரண்டு வருடமாவது காய வேண்டும். எமது ஊரில் வெயில் காய்த்துத் தந்தது. இங்கே காற்றுத்தான் காய்க்க வேண்டும். கொத்திய விறகை நிலத்தில் படாமல் தட்டின் மேல் அடுக்கி, மேற்பக்கத்தை மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். இன்று அரியும் விறகு அடுத்த குளிருக்குத்தான்.

மூன்று வகை வாள்கள்

கடையில் "செயின்சோ" என்று கேட்டால் மூன்று வகை காட்டுவார்கள்.

மின்கம்பியில் ஓடுவது: எமது வாசகர்களில் பெரும்பாலானோருக்கு இதுவே பொருத்தமானது. விலை குறைவு, எடை குறைவு, பராமரிப்பும் குறைவு. அயலவருக்குச் சத்தமும் குறைவு. 1,800 முதல் 2,000 வாற் வரை வலுவும், 30 முதல் 35 சென்ரிமீற்றர் நீளமுள்ள தகடும் இருந்தால் விறகுக் குற்றிக்குத் தாராளமாகப் போதும். பெயர் பெற்ற நிறுவனங்களின் வாள்களை ஏறத்தாழ 100 முதல் 150 பவுணுக்குள் வாங்கலாம். மின்னொழுக்கு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி மூலமாகவே இணைக்க வேண்டும். நீட்டுக் கம்பியைச் சுருளில் விடாமல் முழுவதும் விரித்துப் பாவிக்க வேண்டும். மழையில் தொடவே கூடாது.

பற்றரியில் ஓடுவது: வளவின் கடைசி மூலைக்கும் கொண்டு போகலாம். ஆனால் வாளைவிடப் பற்றரிக்குத்தான் விலை. வீட்டில் ஏற்கனவே அதே நிறுவனத்தின் துளைகருவியும் பற்றரியும் இருந்தால் வாளை மட்டும் தனியாக வாங்கிச் செலவைக் குறைக்கலாம்.

பெற்றோலில் ஓடுவது: மின்சாரம் இல்லாத இடத்தில் நாள்முழுவதும் வேலை செய்பவர்களுக்கு உரியது. 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் இரட்டை அடிப்பு எண்ணெய் என்ற அளவில் கலக்க வேண்டும். கலவையை மாதக்கணக்கில் வைத்திருந்தால் பழுதாகி இயந்திரத்தையும் பழுதாக்கும். ஃபிளாட்டில் இருப்பவர்கள் பெற்றோலை வீட்டுக்குள் வைப்பதைப்பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஜேர்மனியின் ஸ்டில், சுவீடனின் ஹஸ்க்வார்னா, ஜப்பானின் மக்கிட்டா போன்ற பெயர்களுக்கு விலை சற்றுக் கூட. ஆனால் பத்து வருடம் கழிந்தாலும் அவற்றுக்குச் சங்கிலியும் உதிரிப் பாகங்களும் தேடிப் பெறலாம். பெயர் தெரியாத மலிவான வாளை வாங்க விரும்பினால், அதன் தகட்டில் பொறித்திருக்கும் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: சங்கிலிக் கண்ணியின் இடைவெளி, தவாளிப்பின் அகலம், கண்ணிகளின் எண்ணிக்கை. இம்மூன்றையும் சொல்லிக் கடையில் கேளுங்கள். சங்கிலி கிடைக்காத வாள் ஒரே வருடத்தில் இரும்புக் குப்பையாகிவிடும்.

30 பவுண் வாள்

எமக்கு நன்கு தெரிந்த ஒருவர், ஞாயிறு காலைத் திறந்தவெளிச் சந்தை ஒன்றில் பழைய பெற்றோல் வாள் ஒன்றை 30 பவுணுக்கு வாங்கினார். ஸ்ராட் பண்ணிப் பார்த்தார், ஓடியது. முன் கைப்பிடியின் முன்னால் இருக்க வேண்டிய காப்பு உடைந்திருந்ததை அவர் பெரிதாக எடுக்கவில்லை. அதுதான் சங்கிலியை நிறுத்தும் பிரேக்கின் நெம்பு என்பது அவருக்குத் தெரியாது.

இரண்டாம் நாள், தகட்டின் மேல் நுனி பின்னாலிருந்த இன்னொரு குற்றியில் தட்டியது. வாள் கண்மூடித் திறப்பதற்குள் அவரை நோக்கி எழும்பியது. பெற்றோல் வாளின் சங்கிலி வினாடிக்கு 20 மீற்றர் அளவில் ஓடும். கையை இழுக்க நேரமிராது. இடது முன்னங்கையில் நரம்பு வரை வெட்டு. வைத்தியசாலையில் நன்றாகப் பார்த்தார்கள், காசும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய வேலை உணவகமொன்றின் சமையலறையில். பதினொரு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. இங்கே வாடகையும் ஊரில் தாயாருக்கு அனுப்பும் பணமும் அந்தக் கையை நம்பித்தான் இருந்தன. இன்றைக்கும் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி முழுதாக வரவில்லை. இதை எழுதும்படி சொன்னவரும் அவர்தான்.

ஆகவே புதிதோ பழையதோ, வாங்க முன் இவற்றைப் பாருங்கள்: முன் கைக்காப்பும் சங்கிலிப் பிரேக்கும் வேலை செய்கின்றனவா? அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொளுவி இருக்கிறதா? பின் கைப்பிடியில், உள்ளங்கையால் பூட்டை அழுத்தாமல் விசை இயங்காதிருக்கிறதா? இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் சும்மா தந்தாலும் வாங்க வேண்டாம்.

உடைக்கும் காசு ஒதுக்குங்கள்

வாளுக்கு 120 பவுண் வைத்திருப்பவர் உடைக்கும் அதேயளவு வைத்திருக்க வேண்டும். முகவலையும் காதுமூடியும் சேர்ந்த தலைக்கவசம், வாளுக்கென்றே செய்த காற்சட்டை, முன்பக்கம் உருக்கு வைத்த சப்பாத்து, கையுறை ஆகியவை தேவை. அந்தக் காற்சட்டைக்குள் நீண்ட நார்கள் அடைக்கப்பட்டிருக்கும். சங்கிலி பட்டால் நார்கள் வெளியே வந்து சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்தும். மின்சார வாளில் இது சற்றுத் தாமதமாகலாம் என்பதால் உடையை நம்பி அசட்டையாக இருக்கவும் கூடாது.

இரண்டு கையாலும் பிடியுங்கள். இடது பெருவிரல் முன் கைப்பிடியைச் சுற்றியிருக்கட்டும். தோளுக்கு மேலே உயர்த்தி அரியாதீர்கள். குற்றியைக் காலால் மிதித்துக்கொண்டு அரியாமல், மரத்தாங்கி ஒன்றில் வைத்து அரியுங்கள். தனியாக நின்று அரியாதீர்கள். பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். அரியும்போது மரச்சீவலுக்குப் பதில் மாத்தூள் போல வந்தால் சங்கிலி மொட்டையாகிவிட்டது என்று அர்த்தம். அழுத்தி அரியாமல் உடனே அரத்தால் தீட்டுங்கள். சங்கிலி எண்ணெயையும் இழுவையையும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

விறகு அரிய மட்டுமே நாம் சொல்கிறோம். நின்ற மரத்தைத் தறிப்பது வேறு தொழில். அதற்குப் பயிற்சியும் சான்றிதழும் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். "ஒருநாள் வேலை, கையில் காசு" என்று யாராவது வாளைத் தந்தால், பயிற்சியில்லாமல் ஏற்க வேண்டாம். தொழிலுக்குப் பாவிப்பவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமென்பது இந்த நாட்டுச் சட்டம்.

எங்கே எடுப்பது?

மரம் வெட்டும் தொழில் செய்வோர் குற்றிகளை அப்புறப்படுத்த இடம் தேடுவார்கள். மரியாதையாகக் கேட்டால் பலர் சும்மாவே தருவார்கள். ஓக் குற்றியில் வலைபோல ஒட்டிய புழுக்கூடு இருந்தால் தொடாதீர்கள். 2006இலிருந்து இலண்டனில் பரவியிருக்கும் ஓக் அந்துப் புழுவின் மயிர் தோலிலும் மூச்சிலும் கடும் எரிச்சல் உண்டாக்கும். உங்கள் சொந்த வளவு மரமானாலும், அது பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டதா என்று கவுன்சிலில் கேட்காமல் கை வைக்க வேண்டாம். தண்டம் பெருந்தொகையாகும்.

பூங்காவிலோ எப்பிங் காட்டிலோ விழுந்து கிடக்கும் கொப்பையும் எடுத்துவர முடியாது. ஈஸ்ற்ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் காடு தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் அங்கே லௌற்றன் கிராமத்து ஏழைகளுக்கு நவம்பர் 11 முதல் ஏப்ரல் 23 வரை கொப்பு வெட்ட உரிமை இருந்தது. காட்டை வேலியடைத்தபோது தோமஸ் வில்லிங்கேல் என்ற கிராமத்தவர் அந்த உரிமையை விடவில்லை. 1866இல் அவருடைய உறவினர்கள் சிறைக்கும் போனார்கள். 1878இல் வந்த சட்டம் காட்டைப் பொதுமக்களுக்கென்று காப்பாற்றியது. ஆனால் விறகு உரிமை அத்தோடு முடிந்தது. அதற்கு நட்டஈடாகக் கட்டிய மண்டபம் லௌற்றனில் இன்றும் இருக்கிறது. விறகுக்காக வரிசையில் நின்ற எமக்கு அந்த மக்களின் பாடு விளங்கும். பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப்போனால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. ஊரில் சீட்டுப் பிடித்தது போல இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல வாளும் ஒரு முழு உடையும் வாங்கலாம். பயிற்சிக்கு ஒருவரை அனுப்பி, அவர் மட்டும் வாளைத் தொடட்டும். மற்றவர்கள் சுமக்கலாம், கொத்தலாம், அடுக்கலாம். செலவும் குறையும், தனியாக அரியும் ஆபத்தும் இராது. ஞாயிறு பின்னேரம் நாலுபேர் கூடி ஒரு தேத்தண்ணீர் குடித்ததாகவும் இருக்கும்.

அப்படிச் செய்து பார்த்தவர்கள் எமக்கு எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.