நீர் இறங்கும்போதே அபாயத்தைக் குறித்து வைக்க வேண்டும்

டுரியான் துங்கால் நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்குகிறது என்று செய்தி வந்தால் மலாக்கா மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1991. அந்த ஆண்டு அணை வறண்டு மாநிலமே குடிநீருக்குத் தவித்தது. 2020 ஜனவரியில் மறுபடியும் தண்ணீரைப் பங்கிட்டு விட வேண்டி வந்தது. ஜொகூரின் மூவார் ஆற்றிலிருந்து நீர் வாங்குவது, ஜூஸ் அணையைக் கட்டியது, மட்டத்தை அளந்து விழுக்காட்டில் அறிவிப்பது என்று குழாய்த் தண்ணீரைப் பொறுத்தவரை இந்த மாநிலம் பட்டுத் தெளிந்திருக்கிறது. ஆனால் மட்டம் இறங்கும்போது குறைவது குடிநீர் மட்டும் அல்ல. அதுவரை ஆழத்தில் கிடந்த பாறையும் மரக்கட்டையும் மணல் திட்டும் படகின் அடிப்பாகத்தை நெருங்கி வருகின்றன. அவற்றை அடையாளமிட்டுக் காட்டுவது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நம் நாட்டு ஏரிகளில் தெளிவான விடை இல்லை. விடை இருந்தாக வேண்டும். நீரைத் தேக்கி வைத்து, தேவைக்கு இறக்குகிறவரே அந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

இந்த ஆபத்து எப்படி உண்டாகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் தீர்வும் சரியாக அமையும். ஏரி எவ்வளவு வற்றுகிறதோ அவ்வளவு ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. ஏரி நிரம்பியிருக்கும்போது நீருக்கு இரண்டு மீட்டர் கீழே தலை வைத்திருக்கும் ஒரு பாறையை எடுத்துக்கொள்வோம். மட்டம் ஒரு மீட்டர் இறங்கினாலும் சிறிய இயந்திரப் படகு அதன் மேல் தடையின்றிக் கடந்துவிடும். ஒன்றரை மீட்டர் இறங்கிவிட்டால் பாறைக்கு மேல் அரை மீட்டர் நீர்தான் மிஞ்சும். எஞ்சினின் சுழலி அதில் இடிக்கும். இரண்டரை மீட்டர் இறங்கினால் பாறை வெளியே தெரியும். படகோட்டி கண்ணால் பார்த்து விலகிக்கொள்வார். ஆக, கண்ணுக்குத் தெரியாமலும் படகுக்கு எட்டும்படியும் இருக்கிற அந்த இடைப்பட்ட மட்டமே உயிரைப் பறிப்பது. ஒவ்வொரு பாறைக்கும் ஒவ்வொரு கட்டைக்கும் அந்த மட்டம் வேறு வேறு. போன வாரம் தாராளமாகப் படகு போன வழி இந்த வாரம் பொறியாகிவிடலாம். மண் கரைந்து பழுப்பேறிய நம் நாட்டு ஏரி நீரில் அரை மீட்டருக்குக் கீழே இருப்பது மேலிருந்து தெரிவதும் அரிது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகு ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். கட்டையில் மோதினால் படகு நிற்கும். உள்ளே இருப்பவர்கள் தூக்கி எறியப்படுவார்கள்.

இந்த நிலைமையை நம் நாட்டில் மிகப் பெரிய அளவில் காண வேண்டுமானால் திரங்கானுவின் கென்யிர் ஏரியைப் பார்க்கலாம். 1985-ல் கட்டி முடிக்கப்பட்ட மின்சார அணைக்காகக் காட்டோடு சேர்த்து மூழ்கடிக்கப்பட்ட பள்ளத்தாக்கு அது. அங்குள்ள ஏறத்தாழ 340 தீவுகளும் முன்பு மலை உச்சிகளாக இருந்தவை. இரண்டு தீவுகளுக்கு நடுவே குறுக்கு வழி போலத் தோன்றும் இடம், பெரும்பாலும் நீருக்குள் மறைந்த மலைமுதுகாகவே இருக்கும். மூழ்கிய மரங்களோ இன்றும் நிற்கின்றன. ஆழத்தில் பிராணவாயு குறைவு என்பதால் அங்கே மரத்தை அரிக்கும் பூஞ்சைகள் வாழ முடிவதில்லை. தமிழ்நாட்டு விவசாயிகளுக்காக 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் ஏரியில், தேக்கடிப் பக்கம், நூறாண்டுகளுக்கு மேலாகியும் பட்ட மரங்கள் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். ஆனால் நீர் ஏறி இறங்கும் பகுதியில் மரம் நனைந்தும் காய்ந்தும் உளுத்துப்போகிறது. அந்த இடத்தில் ஒடிந்து விழுந்தபின் எஞ்சும் அடிக்கட்டை, படகுகள் ஓடும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மறைந்து நிற்கிறது. வெளியே தெரிகிற மரத்தைவிட ஒடிந்த மரம் ஆபத்தானது. அதைத் தானாக அழியட்டும் என்று விட்டால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது அங்கேதான் இருக்கும்.

இங்கேதான் பொறுப்பு என்ற கேள்வி எழுகிறது. இயற்கையான ஓர் ஆறு கோடையில் வற்றினால் அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அணை ஏரி அப்படிப்பட்டதல்ல. மழை பொய்ப்பது ஒரு காரணம் என்றால், மின்சாரத்துக்கும் குழாய்க்கும் வயலுக்கும் நாம் நீரை எடுப்பது மற்றொரு காரணம். எப்போது எவ்வளவு எடுப்பது என்று ஓர் அலுவலகம் முடிவெடுக்கிறது. அந்த முடிவு நியாயமானதே. மக்கள் குடிக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். ஆனால் அந்த முடிவின் ஒரு விளைவாகத்தான் பாறை படகின் அடியை நெருங்குகிறது. மட்டம் எத்தனை இறங்கியது என்பதை அந்த அலுவலகம் சென்டிமீட்டர் கணக்கில் அறிந்திருக்கிறது. படகில் இருப்பவர் அறிவதில்லை. அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்ல வேண்டும் என்பது எளிய அறம். தேக்கடியில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. அணையிலிருந்து நீரை எடுப்பது தமிழ்நாடு, அதே ஏரியில் சுற்றுலாப் படகுகளை விடுவது கேரளம். எடுப்பவர் ஒருவர், படகு விடுபவர் இன்னொருவர் என்று இருக்கும் இடங்களில் எச்சரிக்கை யார் கையிலிருந்து வர வேண்டும் என்பது எழுத்தில் தீர்மானிக்கப்படாவிட்டால் அது யார் கையிலிருந்தும் வராது.

நம் நாட்டிலும் இந்தப் பிளவு சட்டத்திலேயே இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, உள்நாட்டு நீர்நிலைகளில் நடக்கும் படகுப் போக்குவரத்தையும், கலங்கரை விளக்கம் முதலிய பயணப் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் கூட்டரசின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆறும் நிலமும் மாநிலத்தின் பட்டியலில் இருக்கின்றன. இதோடு அணையை நடத்தும் நிறுவனம், கரையைப் பராமரிக்கும் நகராண்மைக் கழகம், சுற்றுலாவை வளர்க்கும் இலாகா என்று மேலும் பலர். விபத்து நேர்ந்தால் தீயணைப்பு மீட்புப் படை உடனே வந்துவிடுகிறது. அதன் கடமை தெளிவாக இருக்கிறது. விபத்துக்கு முன்னால் வர வேண்டியவர் யார் என்பதுதான் தெளிவாக இல்லை. மாநில அரசு முன்வந்து, ஒவ்வொரு ஏரிக்கும் ஒரே ஓர் அமைப்பைப் பொறுப்பாளராக அரசிதழில் பெயர் குறிப்பிட்டு அறிவிக்க வேண்டும். கடல்துறை இலாகா அதற்குத் தொழில்நுட்ப வழிகாட்டியாக இருக்கட்டும்.

கடலில் இந்தக் கேள்வி என்றோ தீர்ந்துவிட்டது என்பதை மலாக்காவுக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. புனித பால் குன்றின் மேல் பழைய தேவாலயத்துக்கு முன்னால் நிற்கும் வெள்ளைக் கோபுரம், கப்பல்களுக்கு வழிகாட்டப் பிரிட்டிஷ் காலத்தில் எழுப்பிய கலங்கரை விளக்கம். போர்ட்டிக்சன் அருகே நெகிரி செம்பிலான் நிலம் சூழ இருந்தாலும் மலாக்காவுக்கே சொந்தமான தஞ்சோங் துவானில் 1863-ல் கட்டிய விளக்கு நிற்கிறது. கறுப்பு உடலில் சிவப்புப் பட்டை, உச்சியில் இரண்டு கறுப்பு உருண்டைகள் என்றால் அங்கே தனித்த ஆபத்து ஒன்று இருக்கிறது, சுற்றிலும் போகலாம் என்று பொருள். 1980-ல் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட மிதவை முறையின் இந்த அடையாளத்தை எந்த நாட்டு மாலுமியும் படித்துவிடுவார். உள்ளூர் மீனவர்களுக்குத்தான் பாறை எங்கே என்று தெரியுமே, அடையாளம் எதற்கு என்று கடலில் எவரும் வாதிடுவதில்லை. ஏரியில் மட்டும் அந்த வாதம் எப்படிச் செல்லுபடியாகிறது?

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல; காலமறிந்து செய்ய வேண்டிய வேலை. மட்டம் இறங்கிக் கிடக்கும் வாரங்கள்தான் அளவெடுக்க ஏற்ற காலம். நிரம்பிய ஏரியில் முக்குளிப்பவர்களை இறக்கித் தேட வேண்டியதை, வற்றிய ஏரியில் நடந்து போயே அளந்துவிடலாம். ஒவ்வொரு தடையின் இடத்தோடு அதன் உச்சி அணையின் அளவுகோலில் எத்தனை மீட்டர் என்பதையும் பதிய வேண்டும். இந்த ஒரு எண் கையில் இருந்தால், மட்டம் எவ்வளவு இருக்கும்போது எந்தப் பாறை ஆபத்தாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். நீருக்குள் இன்னும் மறைந்திருப்பவற்றை ஒலியலைக் கருவியால் தேடலாம். புக்கிட் பெருவாங்கிலேயே மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம் இருக்கிறது. டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா இருக்கிறது. பொறியியல் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள களப்பணி கிடைப்பது கடினம். அவர்களோடு நெடுங்காலம் ஏரியில் படகு ஓட்டியவர்களையும் தூண்டில்காரர்களையும் ஊதியம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் தலையில் உள்ள வரைபடம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. எல்லா ஆபத்தையும் குறிக்க முடியாது. சிலவற்றைக் குறித்தால் மற்ற இடமெல்லாம் பத்திரம் என்று மக்கள் நம்பிவிடுவார்கள் என்கிறார்கள். இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் ஆபத்துகளை ஒவ்வொன்றாகக் குறிப்பதோடு நிறுத்தாமல், அளந்து சோதித்த பாதையைக் குறிக்க வேண்டும் என்கிறோம். படகுத்துறையிலிருந்து மக்கள் போகும் முக்கிய இடங்கள் வரை இரு பக்கமும் மிதவை வைத்து ஒரு வழி. அந்த வழிக்கு வெளியே இருப்பது அளக்கப்படாத நீர், அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும் என்று துறையிலேயே மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் பலகை. பக்கத்தில் நீர்மட்டம் காட்டும் அளவுகோல். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். மஞ்சளில் வேகக் கட்டுப்பாடு, சிவப்பில் பயணத் தடை. குறித்த வழியைத் தவிர வேறெதற்கும் உறுதி தரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் ஏற்பாடு யாரையும் ஏமாற்றாது. எதையும் குறிக்காமல் படகுத்துறையை மட்டும் திறந்து வைப்பதே முழு ஏரியும் பத்திரம் என்ற பொய்யான நம்பிக்கையைத் தருகிறது.

படகோட்டி கவனமாக இருந்தால் போதும் என்பது இரண்டாவது மறுப்பு. படகோட்டியின் கடமையை நாம் குறைத்துப் பேசவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த சுற்றுலாப் படகில் 45 பேர் இறந்தார்கள். அங்கே கட்டையில் மோதியது காரணம் அல்ல. பயணிகள் உயிர்காப்புச் சட்டை அணியாமல் இருந்தது சாவுகளைப் பெருக்கியது. ஆளெண்ணிக்கைக் கட்டுப்பாடும் உயிர்காப்புச் சட்டையும் எந்த அடையாளத்தாலும் ஈடு செய்ய முடியாதவை. ஆனால் எத்தனை கவனமான படகோட்டியும் பழுப்பு நீருக்குள் பார்க்க முடியாது. அவருடைய அனுபவம் அவர் முன்பு கண்ட மட்டங்களுக்குத்தான் பொருந்தும். பத்து ஆண்டுகளில் காணாத அளவுக்கு நீர் இறங்கும் ஆண்டில் அவரும் புதியவரே.

வறட்சிக் காலத்தில் ஏரியை அடைத்துவிட்டால் செலவே இல்லையே என்பது மூன்றாவது வாதம். குடிநீருக்காக மட்டும் உள்ள தேக்கங்களில் பொதுமக்களின் படகைத் தடுப்பது சரியே. அங்கேயும் மாதிரி எடுக்கப் போகும் ஊழியரும் மீட்புப் படையினரும் படகில்தான் போகிறார்கள். அவர்கள் உயிரும் உயிரே. ஆனால் பேராக்கின் தெமெங்கோர் ஏரிக்கரையில் வாழும் ஜஹாய், தெமியார் பழங்குடி மக்களுக்கு நீர்தான் சாலை. பிள்ளைகள் பள்ளிக்கும் நோயாளிகள் மருத்துவமனைக்கும் படகிலேயே போகும் இடத்தில் ஏரியை அடைப்பது ஊரை அடைப்பதாகும். செலவைப் பொறுத்தவரை, ஏரிக்குக் கடல் மிதவை வேண்டியதில்லை. நீர் வற்றியிருக்கும்போது ஊன்றிய உயரமான குழாய்க் கம்பமும், ஒளியை எதிரொளிக்கும் பட்டையும், நங்கூரமிட்ட மிதவையும் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்க்க ஆள் ஒதுக்குவதுதான் உண்மையான செலவு. அந்தச் செலவைப் பராமரிப்புக் கணக்கில் நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும்.

மலேசியாவுக்கு வருகை புரியும் ஆண்டு 2026 என்று உலகையே அழைக்கும் நாடு, அழைத்தவர்களை ஏற்றிச் செல்லும் நீரைப் பற்றித் தான் அறிந்ததை மறைத்து வைக்கலாகாது. புக்கிட் பெருவாங் மக்களுக்கு ஆயர் குரோ ஏரி கூப்பிடு தூரம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு கென்யிருக்கும் தெமெங்கோருக்கும் போகிறவர்களும் நம்மவர்களே. மலாக்கா அரசு தன் மாநிலத்து நீர்நிலைகளிலிருந்து தொடங்கட்டும். எந்த ஏரிக்கு எந்த அமைப்பு பொறுப்பு என்பதை முதலில் அறிவிக்கட்டும். அடுத்த வறட்சியில் மட்டம் இறங்கியதும் அளவெடுப்பை நடத்தட்டும். மழை வந்து ஏரி நிரம்புமுன் கம்பங்களை ஊன்றி முடிக்கட்டும். தினமும் வெளியிடும் நீர்மட்ட அறிவிப்போடு படகுகளுக்கான எச்சரிக்கையையும் ஒரு வரியாகச் சேர்க்கட்டும். விபத்துக்குப் பின் அமைக்கப்படும் விசாரணைக் குழுவும் கடைசியில் இவற்றைத்தான் பரிந்துரைக்கும். ஓர் உயிர் போகும்வரை அதற்குக் காத்திருக்க எந்த அரசுக்கும் உரிமை கிடையாது.