எல்லைக்கல் மட்டும் காவலாகாது

இந்து மகாசமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள மொரீஷியஸ் தீவு, 1994-ஆம் ஆண்டில் தன் முதல் தேசியப் பூங்காவை அமைத்தது. பிளாக் ரிவர் கார்ஜஸ் என்னும் அப்பூங்கா, தென்மேற்கு மலைப்பகுதியில் ஏறத்தாழ 6,570 ஹெக்டேர் பரப்புடையது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கருங்காலி மரங்களை வெட்டத் தொடங்கினர். பின்வந்தோர் கரும்புத் தோட்டங்களுக்காகக் காடுகளை அழித்தனர். நல்ல நிலையில் எஞ்சியுள்ள இயற்கைக் காடு, தீவின் பரப்பில் 2 சதவீதத்திற்கும் குறைவே. எஞ்சியதற்கு எல்லை வகுத்தது போற்றத்தக்க செயலாகும். ஆயினும், எல்லை வகுப்பதும் காப்பதும் ஒன்றல்ல என்பதை இப்பூங்காவே தெளிவாக உணர்த்துகிறது.

பெரும் நிலப்பரப்புகளில் காட்டுக்கு வரும் கேடு பெரும்பாலும் கோடரியாகவும் துப்பாக்கியாகவும் வெளியிலிருந்து வருகிறது. தீவிலோ, கேடு எல்லைக்கு உள்ளேயே வேரூன்றி நிற்கிறது. மொரீஷியஸுக்கே உரிய பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. மான், பன்றி, குரங்கு, எலி ஆகிய யாவும் கப்பலேறி வந்தவை. ஜாவா மான் 1639-இல் டச்சுக்காரரால் கொணரப்பட்டது. பிரேசில் நாட்டிற்குரிய சீனக் கொய்யாவும் இவ்வாறே வந்தேறியதாகும். அதன் பழத்தைப் பன்றியும் குரங்கும் பறவையும் தின்று விதையை எங்கும் பரப்புகின்றன. கன்றுகள் நெருங்கி முளைத்து, நிலத்தில் வெளிச்சம் விழாதபடி மூடிவிடுகின்றன. எனவே, முதிய கருங்காலி நின்றாலும், அதனடியில் இளங்கன்று எழுவதில்லை. புயலில் முதிய மரம் சாயுமானால் அதன் இடத்தைக் கொய்யாவே பிடித்துக்கொள்கிறது. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு மலை பசுமையாகவே தோன்றும்; பசுமை யாவும் காடன்று.

இந்நிலை மாற்ற இயலாததன்று. பூங்காவின் சில பகுதிகளுக்கு வேலியிட்டு, தொழிலாளர் கொய்யாவைக் களைந்த இடங்களில், தீவுக்குரிய மரங்களின் கன்றுகள் மீண்டும் தலைதூக்கியுள்ளன. வடக்கேயுள்ள ரவுண்ட் தீவில் 1979-க்குள் ஆடுகளும், 1986-இல் முயல்களும் அகற்றப்பட்ட பின்னர், அருகிவந்த பனையினங்கள் தழைக்கலாயின. 1990-ஐ ஒட்டி, காட்டில் பத்து அளவிலேயே எஞ்சியிருந்த இளஞ்சிவப்புப் புறாக்கள், கூண்டில் வளர்த்து விடுவித்தல், உணவளித்தல், எலி பூனைகளை அடக்குதல் ஆகியவற்றால் நூற்றுக்கணக்காகப் பெருகின. இவற்றைச் சாதித்தது அரசாணை மட்டுமன்று. ஆண்டுதோறும் இடைவிடாது நடைபெற்ற உடலுழைப்பேயாகும்.

இதற்கு மறுப்பும் உண்டு. களையெடுப்பு முடிவற்ற செலவு என்பர் சிலர். கொய்யாப் பருவத்தில் மக்கள் குடும்பத்தோடு சென்று பழம் பறித்து மகிழ்வதை ஏன் கெடுக்கவேண்டும் என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. பூங்கா முழுவதையும் களைவது இயலாததே. ஆதலால், முற்றும் சீர்கெட்ட ஓரங்களில் கொய்யாவை மக்களுக்கு விட்டுவிட்டு, சிறந்த காட்டுத் துண்டுகளில் முழுக் கவனத்தையும் செலுத்துதலே தக்க வழியாகும். ஆனால், அங்கே வேலை தடைப்படலாகாது. சில பருவங்கள் கைவிட்டாலும் முன்செய்த உழைப்பு வீணாகும். ஆகவே, களையெடுப்போரின் கூலி வரவுசெலவுத் திட்டத்தின் கடைசி இனமாக அன்றி, முதல் இனமாக இடம்பெற வேண்டும்.

நம் நாட்டிற்கும் இது அயலான செய்தியன்று. அந்தமான் தீவுகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான், அதனை வேட்டையாடும் விலங்கு அங்கின்மையால் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து வருகிறது. நம் காடுகள் பலவற்றில் உண்ணிச்செடி அடர்ந்து கிடக்கிறது. எனவே, களப்பணியாளரின் அறிக்கையில் காட்டின் பரப்பளவோடு, முதிய மரங்களின் அடியில் எவ்வினக் கன்றுகள் முளைத்துள்ளன என்ற கணக்கும் இடம்பெறுதல் நன்று. மாணவரைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், அவர்களை அண்ணாந்து பார்க்கச் செய்வதோடு, குனிந்து பார்க்கவும் பழக்க வேண்டும். நாளைய காடு உண்டா இல்லையா என்பதற்கான விடை நிலத்தில்தான் இருக்கிறது.