மடித்த நிரல் தானே விரியலாமா?

நீண்ட நிரலை மடித்து வைத்துப் படிக்கும் வசதி, 'விம்' எடிட்டரில் 2001ஆம் ஆண்டு 6.0 பதிப்போடு வந்தது. நூறு வரி ஃபங்ஷன் ஒன்று ஒற்றை வரியாய்ச் சுருங்கி நிற்கும். அம்மடிப்பு எப்போது தானே திறக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

விம்மை ஆக்கிய பிராம் மூலெனார் (2023இல் மறைந்தார்) வகுத்த முறையே பெரும்பாலும் சரி என்பேன். தேடுகிற சொல் மடிப்புக்குள் இருந்தால் மடிப்பு திறக்கும். கர்சர் மேலும் கீழுமாகக் கடந்து போனால் திறக்காது. தெருவில் போகிறவர்க்கெல்லாம் யார் கதவைத் திறப்பார்? மூடிய மடிப்பின்மேல் நின்று 'டிடி' என்று தட்டினால் கண்ணுக்குத் தெரிவது ஒரு வரி. அழிவதோ நூறு வரியும்! ரத்துக் கட்டளைக்கும் மடிப்பு திறக்குமாறு அவர் வைத்ததன் அருமை அப்போதுதான் விளங்கும். மீண்டு வந்தவை கண்முன் விரிந்து நிற்கும்.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வரிகளின் உள்தள்ளலைக் கொண்டு மடிக்கச் சொன்னால், கோப்பைத் திறந்ததுமே எல்லாம் மடிந்து கிடக்கிறது. பழகியவர்க்கு அது வசதி. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வந்து, கல்லூரியில்தான் முதன்முதலாக நிரல் எழுதுகிறோம் நம்மில் பலர். வீட்டில் கேட்டுத் தெளிய ஆளில்லை. மறைந்திருக்கும் வரி அப்படிப்பட்டவர்க்கு இல்லாத வரிதான். முழு நிரலையும் ஒருமுறை பார்த்த பிறகு, வேண்டியதை அவரவரே மடித்துக்கொள்ளட்டும். 'ஃபோல்டுலெவல்ஸ்டார்ட்' என்னும் அமைப்பில் 99 என்று எழுதினால் போதும், கோப்பு விரிந்தபடியே திறக்கும். ஆய்வகக் கணிப்பொறிகளில் அந்த ஒரு வரியைச் சேர்த்து வைக்குமாறு பேராசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.