கூடத்தில் ஒரு ஆட்டம்: பெரம்பலூரும் அரியலூரும் ஒரே கட்சி!

லீவு விட்டாச்சு. வீட்டில் சீட்டுக்கட்டு வெளியே வந்தாச்சு. முதல் அரைமணி நேரம் சிரிப்புச் சத்தம், அடுத்த அரைமணி நேரம் 'இவன் கள்ளாட்டம் ஆடுறான்' என்ற புகார், அப்புறம் ஒரு அழுகை. இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒருத்தர் ஜெயிக்க இன்னொருத்தர் தோற்றே ஆக வேண்டும் என்பது கழுதை ஆட்டத்திலிருந்து ரம்மி வரை பொது விதி. ஏழு வயசும் பதினாலு வயசும் சேர்ந்து உட்கார்ந்தால் தோற்பது யார் என்று சொல்லவே வேண்டாம்.

இதற்கு மாற்றாக உலகம் முழுக்கப் பிரபலமாகியிருப்பவை கூட்டு ஆட்டங்கள். உட்காருகிற எல்லோரும் ஒரே கட்சி. எதிரி, மேசையில் கவிழ்த்து வைத்த இன்னொரு கட்டு. ஜெயித்தால் எல்லோரும், தோற்றாலும் எல்லோரும். காசு வைக்க வழியே இல்லாததால், 'சீட்டா? நம்ம வீட்டிலா?' என்று முகம் சுளிக்கிற தாத்தாவையும் தைரியமாகக் கூப்பிடலாம்.

இந்த வகையில் ருசியான வேலை ஒன்று உண்டு. ஆடுவதற்கு முன்பே, நம் கட்டில் எந்தெந்தச் சீட்டு இருக்க வேண்டும் என்று நாமே பொறுக்கிச் சேர்ப்பது. 2011-ல் ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்ட் கேம்' இதற்குப் பேர்போனது. வடிவமைத்தவர் நேட் ஃப்ரெஞ்ச். மூன்று நாயகர்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். கட்டில் குறைந்தது 50 சீட்டு. ஒரே சீட்டு மூன்றுக்கு மேல் கூடாது. குள்ளர்கள், ரோஹன் குதிரை வீரர்கள், காண்டோர் நாட்டார் என்று ஏகப்பட்ட கூட்டங்கள் இருக்கின்றன. ஒரு கூட்டத்தை மட்டும் வைத்தோ, நட்பான இரண்டு கூட்டங்களைச் சேர்த்தோ கட்டு அமைப்பதில் ரசிகர்களுக்குத் தனி மோகம்.

புதிதாக ஆடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். ஒரே முத்திரை போட்ட சீட்டுகளை எல்லாம் அள்ளிச் சேர்த்துவிட்டால் கூட்டணி ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். அந்த ஆட்டத்தில் 'அவுட்லேண்ட்ஸ்' என்றொரு கூட்டம் உண்டு. தனியாகப் பார்த்தால் எல்லாமே சோப்ளாங்கி. ஆனால் ஒரு வாள்வீரன் வந்தால் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் மனவுறுதி ஒரு புள்ளி ஏறும். இன்னொருவன் வந்தால் எல்லோருக்கும் தாக்கும் பலம் ஏறும். மூன்றாமவனால் தற்காப்பு, மந்தை மேய்ப்பவன் வந்தால் உயிர்ப்புள்ளி. ஆளுக்கொன்று கொடுத்து, நாலு பேர் சேர்ந்ததும் யாரும் அசைக்க முடியாத படையாகிவிடும். பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த பலம் இல்லை இது. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதால் வந்தது.

இந்தச் சூத்திரத்தை வைத்து நம் ஊருக்கு ஒரு கட்டு செய்வோமா? வெளிநாட்டுக் கட்டு விலை கூடுதல். சீட்டில் இருப்பதெல்லாம் ஆங்கிலம் வேறு. நமக்குத் தேவை பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனா.

இந்த வாரம் எடுத்திருக்கும் கூட்டணி பெரம்பலூர், அரியலூர். இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் மறுபடி சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். கலெக்டர் ஆபீஸ் இரண்டானாலும் பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு இரண்டு மாவட்டத்திலும் ஓடித்தான் கொள்ளிடத்தில் கலக்கிறது.

ஆட்ட விதி

பெரம்பலூருக்கு 20 சீட்டு, அரியலூருக்கு 20 சீட்டு, எதிரிக்கு 'சோதனை' என்று 12 சீட்டு. இரண்டு பேர் ஆடலாம். நாலு பேர் என்றால் கட்சிக்கு இரண்டு பேர். பலம் மூன்றே வகை: தண்ணீர், உழைப்பு, சேமிப்பு.

கட்சிக்கு நாலு சீட்டு கையில். சுற்றுக்கு ஒரு சோதனையைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு கட்சியும் இரண்டு சீட்டு இறக்கும். சோதனை கேட்கும் புள்ளி சேர்ந்துவிட்டால் தப்பித்தோம். சேராவிட்டால் அந்தச் சோதனை மேசையிலேயே தேங்கும். இறக்கியவற்றைத் தள்ளிவிட்டு, புதிதாக இரண்டு எடுத்துக்கொள்ளலாம். பத்துச் சுற்று. தேங்கியது மூன்றானால் எல்லோரும் தோல்வி.

சோதனைகளை நம் ஊர்க் கவலைகளிலிருந்தே எடுப்போம். 'மழை பொய்த்தது': தண்ணீர் 3. 'வெங்காயத்தில் திருகல் நோய்': உழைப்பு 2, சேமிப்பு 1. 'விலை சரிந்தது': சேமிப்பு 3. 'மருதையாற்றில் வெள்ளம்': உழைப்பு 3, சேமிப்பு 1. இந்தக் கடைசிச் சீட்டு கற்பனை இல்லை. 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் பலவீனமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பொறுப்பேற்று ராஜினாமா செய்தார் அன்றைய ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. பிள்ளைகளிடம் சீட்டைக் கொடுக்கும்போது அதையும் சொல்லுங்கள்.

பெருமைச் சீட்டு வேண்டாம்

பிள்ளைகளிடம் விட்டால் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? கங்கைகொண்ட சோழபுரத்துக்கு 10 புள்ளி, ரஞ்சன்குடிக் கோட்டைக்கு 10 புள்ளி போட்டுவிடுவார்கள். பார்க்க ஜோர். ஆடினால் இரண்டே சுற்றில் சப்பென்று ஆகிவிடும். அந்த ஒரு சீட்டு வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி. மற்ற சீட்டெல்லாம் வேடிக்கை பார்க்கும்.

ஆகவே ஒவ்வொரு சீட்டிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: 'நீ பக்கத்துக் கட்சிக்கு என்ன கொடுப்பாய்?' பதில் இல்லாத சீட்டுகள் கட்டில் கொஞ்சமாகவே இருக்கட்டும்.

ராஜேந்திர சோழன் கங்கைவெற்றியின் நினைவாக வெட்டிய சோழகங்கம் ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் நீராலான வெற்றித்தூண் என்று வர்ணிக்கின்றன. அப்படியானால் அந்தச் சீட்டு கோபுரமாக வேண்டாம், ஏரியாக வரட்டும். தண்ணீர் 2. அரியலூர் கட்டில் இரண்டு சீட்டு.

அரியலூருக்கு இன்னும் இவை: 'புள்ளம்பாடி வாய்க்கால்' ஐந்து (தண்ணீர் 1). ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து 'முந்திரித் தோப்பு' நாலு (சேமிப்பு 1). 'கரைவெட்டி ஏரி' மூன்று. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம் இது. பறவை வந்துபோகிற இடமாச்சே, அதனால் அதற்குத் தண்ணீர் 1 போக, இரு கட்சியும் கையிலிருந்து ஒரு சீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகை. ஒரு காலத்தில் கடல் இருந்ததற்குச் சாட்சியான 'அம்மோனைட்' கல் இரண்டு. இதை இறக்கினால் அடுத்த சோதனையை எட்டிப் பார்க்கலாம்.

பெரம்பலூர் மானாவாரி பூமி. தண்ணீரில் ஏழை, சேமிப்பில் கெட்டி. 'வெங்காயப் பட்டறை' ஐந்து: சேமிப்பு 1, அதே சுற்றில் அரியலூர் ஒரு தண்ணீர்ச் சீட்டு இறக்கினால் 2. 'மக்காச்சோளக் காடு' ஐந்து: உழைப்பு 1, அரியலூரும் உழைப்பு இறக்கினால் 2. 'கிணறு' நாலு: தண்ணீர் 1. 'பச்சைமலை' மூன்று: தனக்கென்று புள்ளியே கிடையாது, ஆனால் அந்தச் சுற்றில் அரியலூரின் ஒவ்வொரு தண்ணீர்ச் சீட்டுக்கும் ஒன்று கூடும். மலையில் பெய்தால்தானே ஆற்றில் வரும்! சாத்தனூர் 'கல்மரம்' இரண்டு: சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரம், 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது. அழிந்தும் அழியாமல் நிற்பதால், தள்ளிய சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்து அதன் இடத்தில் வைக்கலாம்.

கசப்பும் வேண்டும்

கணக்குப் பார்த்தால் கட்சிக்கு ஒரு வகைச் சீட்டு பாக்கி. இரண்டும் வில்லங்கமானவை. இவைதான் ஆட்டத்துக்கு உப்பு.

அரியலூருக்கு 'சுண்ணாம்புக்கல் சுரங்கம்' நாலு. சிமென்ட் ஆலைகளால் அந்த மாவட்டத்தில் எத்தனையோ அடுப்பு எரிகிறது. லாரிப் புழுதி, நிலத்தடி நீர் என்று ஊர்க்காரர்களின் மனக்குறையும் கூடவே இருக்கிறது. அதனால் உழைப்பு 3, ஆனால் அந்தச் சுற்றில் தண்ணீர் 1 குறையும். 'இதை இப்ப இறக்கலாமா?' என்ற கேள்விக்குச் சுலபமான பதில் கிடையாது. நிஜத்திலும் கிடையாதே!

பெரம்பலூருக்கு 'கோட்டைக்காவலர்' ஒன்றே ஒன்று. 1751-ல் ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியின் படையும், பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிப்பின் படையும் வாலிகண்டபுரத்தில் மோதின. கோட்டைப் பொறுப்பாளர் முதலில் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆங்கிலப் படை பொறுமையிழந்து ஊரைத் தாக்கியதும் பிரெஞ்சுப் பக்கம் போய்விட்டார். அடுத்த வருஷமே காற்று மாறியது. பிரெஞ்சுத் தளபதி அதே இடத்தில் சரணடைந்தார். ஆகவே இந்தச் சீட்டின் விதி: போன சுற்றில் ஜெயித்திருந்தால் எந்த வகையிலும் 2 புள்ளி தருவார், தோற்றிருந்தால் ஒன்றும் தரமாட்டார். வெற்றி இருக்கும்வரைதான் உறவு. பட்டறைச் சீட்டுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசத்தை எட்டு வயசுப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிடும்.

நாட்டாமை ஒழிக!

கூட்டு ஆட்டங்களுக்கு ஒரு பொதுவியாதி உண்டு. விவரம் தெரிந்த ஒருவர் எல்லோருடைய சீட்டையும் தானே ஆட ஆரம்பித்துவிடுவார். 'நீ அதைப் போடு, நீ இதைப் போடு' என்று அப்பா சொல்லச் சொல்ல, மற்றவர்கள் கை மட்டும் நீட்டுவார்கள். சண்டை இருக்காது, ஆட்டமும் இருக்காது.

மருந்து இரண்டு. கையைக் காட்டக் கூடாது. சுற்றுக்கு ஆளுக்கு ஒரு வாக்கியம்தான் பேசலாம், அதிலும் எண் சொல்லக் கூடாது. 'எங்க பக்கம் மழை பெய்யும் போலிருக்கு' என்றால் பச்சைமலை கையில் இருக்கிறது என்று எதிரில் இருப்பவர் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் வரும் சிரிப்பு, ஜெயிப்பதைவிடப் பெரிசு.

முதல் நாலைந்து ஆட்டத்தில் தோற்றுக்கொண்டே இருந்தால் சோதனைகளில் ஒரு புள்ளி குறையுங்கள். ஜெயித்துக்கொண்டே இருந்தால் பச்சைமலையில் ஒன்றை எடுத்துவிட்டுக் கிணறு ஒன்றைச் சேருங்கள். பத்து ஆட்டத்தில் ஐந்தாறு ஜெயித்தால் கட்டு சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம்.

சீட்டு எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். விவரத்தை மட்டும் பெரியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். வெங்காயப் பட்டறையை ஏன் கல் அடுக்கித் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுகிறார்கள், பக்கவாட்டில் காற்று ஏன் புக வேண்டும், விலை ஏறட்டும் என்று எத்தனை நாள் வைக்கலாம், எந்த நாளைத் தாண்டினால் அழுகும்... இதெல்லாம் எந்தக் கடையில் வாங்கும் கட்டிலும் அச்சாகியிருக்காது. உங்கள் வீட்டு அப்பாயிக்குத் தெரியும். அவர் சொல்வதிலிருந்து புதுச் சீட்டு ஒன்று பிறந்தால், அதில் அவர் பெயரையே எழுதிவிடுங்கள். அடுத்த ஆட்டத்தில் அந்தச் சீட்டு யார் கைக்கு வருகிறது என்று பார்க்க, மூலையில் உட்கார்ந்திருக்கும் அவரும் மேசைக்கு நகர்ந்து வருவார்.